கெய்ரா ஆண்ட்டி

"சும்மா நிக்கணும் அக்கா. அவ்வளவுதான் வேலை" என்றாள் நுஸ்ரத்.

"சும்மா நிக்கதுக்கு எந்த மடையன் கூலி குடுப்பான்?" என்று சிரித்தாள் ஜெபசெல்வி.

"எங்க அண்ணாச்சி குடுப்பாரு."

அண்ணாச்சி என்று நுஸ்ரத் சொன்னது தங்கபாண்டியை. செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மொபைல் ஷோரூம் வைத்திருப்பவர். அந்தக் கடையைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. மாட்டுங்கா லேபர் கேம்பில் அவள் வீட்டுக்கும் ஜெபசெல்வி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மறுவீட்டில் தட்டைக் கழுவி வைத்துவிடுவார்கள். கெய்ரா என்று ஒரு புது போன் வெள்ளிக்கிழமை வருகிறது, கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் அலைமோத வேண்டும், டிவிக்காரர்கள் வருவார்கள், அதற்காகத்தான் ஆள் கூட்டிவரச் சொல்கிறார் என்று நுஸ்ரத் விளக்கினாள்.

ஜெபசெல்விக்கு வெள்ளிக்கிழமை வேலை இல்லை. அவள் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, காய் நறுக்கிக் கொடுக்கும் மாட்டுங்கா மாமியும் மாமாவும் ஒரு கல்யாணத்துக்குப் புனே போயிருந்தார்கள். புருஷன் போன பிறகு அந்த ஒரு வீட்டை நம்பித்தான் மகள் பெனிட்டாவைக் காலேஜ் கடைசி வருஷம்வரை கொண்டுவந்திருந்தாள். லீவு கிடைத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த தரையையே மறுபடி துடைக்கிற ரகம். போகலாமே என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் கட்டுகிற ஊதாச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷோரூம் வாசலில் தங்கபாண்டி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். லேபர் கேம்பிலிருந்தும் தேவ்நாரிலிருந்தும் வந்த பெண்கள், வேலையில்லாத சில ஆண்கள். ஆளுக்கொரு டீயும் வடாபாவும் கொடுத்தார்கள்.

"ஷட்டர் தொறந்ததும் நீங்க எல்லாரும் அப்படியே சைடுல ஒதுங்கிரணும். உள்ள வரப்பிடாது, கேட்டியளா?" என்றார் தங்கபாண்டி. "எவனாவது மைக்க நீட்டுனா, கெய்ரா வாங்க வந்திருக்கேன்னு சிரிச்சமானிக்கி சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். "எனக்கு நீலக் கலர்தான் வேணும்" என்று நுஸ்ரத் முகத்தைச் சுளித்துப் பெரிய வீட்டுக்காரி மாதிரி பேசிக் காட்ட, ஜெபசெல்விக்கு வடாபாவ் புரையேறிவிட்டது.

நிஜமாகவே வாங்க வந்தவர்கள் பிறகுதான் சேரத் தொடங்கினார்கள். இத்தனை நீள வரிசையைப் பார்த்ததும் அவர்களுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. சரக்கு தீர்ந்துவிடும் என்று யாரோ ஒருவன் சொன்னான். அது வரிசை முழுவதும் பரவியது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். சென்ட் வாடையும் வியர்வை வாடையும் கலந்து ஜெபசெல்வியின் பிடரியில் மோதின. அவளுக்குப் பின்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு வாலிபன் குச்சியில் போனை மாட்டி உயர்த்திப் பிடித்து, அதைப் பார்த்து இந்தியும் தமிழும் கலந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். முத்துசெல்வம் என்று பெயராம். அவன் ரீல்ஸை ஊரே பார்க்கும் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள்.

ஷட்டர் பாதி ஏறும்போதே கூட்டம் பாய்ந்தது. ஒதுங்க வேண்டியவர்களுக்கு ஒதுங்க வழி இல்லை. ஜெபசெல்வி வாசல் படியில் தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய கைமேல் ஒரு ஷூ ஏறியது. அது போனதும் இன்னொன்று. "ஐயோ, கை! எங் கை!" என்று கத்தினாள். "ஆண்ட்டி, சைடு ப்ளீஸ்" என்றான் ஒருவன். ஒருவன்கூடக் குனியவில்லை. அவளைத் தாண்டிப் போகக் காலை எங்கே வைப்பது என்று மட்டும் பார்த்தார்கள். மஞ்சள் சட்டைக்காரன் நின்றான். தூக்கிவிடத்தான் நிற்கிறான் என்று ஜெபசெல்வி நல்ல கையை நீட்டினாள். அவன் குச்சியைத் தாழ்த்தி அவள் முகத்துக்கு நேரே போனைக் காட்டினான்.

நெருக்கலில் அவள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போதே, உள்ளேயிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒருவன் கையிலிருந்து போன் பெட்டி இருந்த பை நழுவி அவள் முன்னால் விழுந்தது. பழக்கதோஷம், விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கிற கை அது. எடுத்து நீட்டினாள். அவன் அதை வெடுக்கென்று பிடுங்கினான். பையின் வார் அவள் விரல்களில் மாட்டிக்கொண்டது. அவன் இழுக்க, அவளும் சேர்ந்து தரையில் இழுபட்டாள். "சோடு! சோடு!" என்று அவன் அலறினான், விடு விடு என்று. நுஸ்ரத் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவளை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள்.

தங்கபாண்டி உள்ளே கேக் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அவர் பார்த்தது ஜெபசெல்விக்கும் தெரிந்தது. கடைப்பையன் ஒருவனிடம் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினார். அவன் வந்து, "ஆட்டோ பிடிச்சுப் போயிரணுமாம். இங்கன உக்கார வேண்டாம், கேமரா இருக்குன்னு அண்ணாச்சி சொல்லுதாரு" என்றான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, இரண்டு விரல் எலும்பு முறிந்திருக்கிறது என்று கட்டுப் போட்டார்கள். மருந்துக்காகக் காத்திருந்த கூடத்தில் டிவி ஓடியது. கெய்ரா போன் முதல் நாளே நாடு முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று செய்தி வாசிக்கிற பெண் பூரித்துப்போய்ச் சொன்னாள். ஊர் ஊராக வரிசைகள். ஒருவன் பெட்டியை முத்தமிட்டான். ஒருவன் நெற்றியில் வைத்துக் கும்பிட்டான். அப்புறம் செம்பூர் வந்தது. ஊதாச் சேலைக்காரி ஒருத்தி தரையில் புரண்டுகொண்டு ஒரு ஆளின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கப் போராடுகிறாள். வாசிக்கிற பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். காலில் மாவுக்கட்டோடு ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஜெபசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சேலை அதே ஊதா என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பெனிட்டா காலேஜிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என் க்ரூப்ல உன்ன ஸ்டிக்கரா ஆக்கிட்டாங்க மம்மி. கெய்ரா ஆண்ட்டியாம். நீதான்னு யாருக்கும் தெரியாது. நானும் சிரிக்கிற எமோஜி போட்டுட்டேன், தெரியாம. பெறவுதான் சேலையப் பாத்தேன்." சொல்லிவிட்டுத்தான் கட்டுப் போட்ட கையைக் கண்டாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அவள் அழுது முடித்ததும், "என்னதாம்ட்டி எழுதுதானுவ? வாசி" என்றாள் ஜெபசெல்வி. பெனிட்டா வேண்டாம் என்றாள். அம்மா விடவில்லை. மகள் போனைத் தள்ளித் தள்ளி வாசித்தாள். இந்தியன் என்பதில் பெருமையாக இருக்கிறது, இதுதான் நம் வளர்ச்சி என்று ஒருவர். சோற்றுக்கு வழியில்லை, இவளுக்கு இந்த போன் கேட்கிறதா என்று ஒருவர். இந்தக் குடிசைக் கூட்டத்தை மும்பையை விட்டே துரத்த வேண்டும் என்று ஒருவர். கடனில் வாங்கித் தவணை கட்டாமல் ஓடிவிடுவாள் என்று இன்னொருவர். பெருமைப்பட்டவனும் திட்டினவனும் ஒரே படத்தைத்தான் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கைமேல் ஏறிய ஷூ அந்தப் படத்தில் நன்றாகத் தெரிந்தது. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

"போதும், மூடு" என்றாள். சோற்றுப் பானையைத் திறந்தவள் வாடை பிடிக்காமல் மூடிவிட்டாள். அழுகிய பழத்தை மிதித்த மாதிரி உடம்பெல்லாம் கூசிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மாட்டுங்கா வீட்டுக்குப் போனாள். விஜயலக்ஷ்மி மாமி கதவைத் திறந்ததுமே, "ஏண்டிம்மா, நீயா அது? புனேல எல்லார் போன்லயும் நீதான்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "உனக்கு போன் வேணும்னா எங்ககிட்டே சொல்லப்படாதோ? பழசு ரெண்டு அலமாரில தூங்கறது."

"எனக்குப் போன் வேண்டாம் மாமி. நிக்கச் சொல்லிக் கூலிக்குக் கூட்டிட்டுப் போனாவ."

"கூலிக்கா?" மாமி அதை நம்பினாளா என்று தெரியவில்லை. கையைப் பார்த்து, பாத்திரத்தை மட்டும் மெள்ளத் தேய் என்றாள்.

கூடத்தில் சுந்தரராமன் மாமா பேப்பரை மடித்தார். பெரிய கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? தேசமே பைத்தியம் புடிச்சு அலையறது" என்று ஆரம்பித்தார். "ஒரு போனுக்காக மனுஷா மனுஷாளை மிதிக்கறா. இருக்கற போன் நன்னா வேலை செய்யறச்சே புதுசு எதுக்கு? வெட்கங்கெட்ட ஜென்மங்கள்." அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் ஜெபசெல்வியால் மறுக்க முடியவில்லை. முதல் தடவையாக ஒருவர் சரியாகப் பேசுகிறாரே என்று பாத்திரத்தைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெல் அடித்தது. கூரியர்க்காரன். மாமா கையெழுத்துப் போட்டு வாங்கிவந்த பெட்டி இன்னதென்று பிரிக்காமலே அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியை அவ்வளவு கிட்டத்தில், தரையோடு தரையாகக் கிடந்து பார்த்தவள் அவள் ஒருத்திதானே.

"பெங்களூர்லேர்ந்து பையன் புக் பண்ணி அனுப்பியிருக்கான்" என்றார் மாமா யாரையும் பார்க்காமல். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இது வேற விஷயம். ஜெபா, கத்திரிக்கோல் எடுத்துண்டு வா."

கட்டுப் போட்ட கையால் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வாரமே தங்கபாண்டி லேபர் கேம்புக்கு வந்தார், ஸ்வீட் பெட்டியோடு. சந்தில் நுழைந்தபோது சாக்கடையில் கால் படாமல் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்க முகராசி, தங்கச்சி! ரெண்டாவது லோடும் போயிட்டுல்லா. மும்பையில நம்ம கடைதான் டாப். கம்பெனிக்காரனே போன் போட்டுட்டான்" என்றார். "ஞாயித்துக்கெழம வெற்றி விழா. உங்களுக்கு ஒரு கெய்ரா ஃப்ரீயாக் குடுக்கோம். மேடையில வச்சு. ஆசப்பட்டுக் கீழ விழுந்தவளுக்குக் கடைக்காரன் சும்மா குடுத்தான்னா ஜனங்க அழுதுருவாங்க."

"நான் ஆசப்பட்டா விழுந்தேன் அண்ணாச்சி? நீங்க நிக்கச் சொன்னிய, நான் நின்னேன். போன் வேண்டாம். அத மட்டும் நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க."

தங்கபாண்டி இனிப்பை அவள் பக்கம் நகர்த்தினார். "அத எப்படிச் சொல்ல? கம்பெனிக்காரன் ஏஜென்சியவே புடுங்கிருவான். ஊரு சிரிச்சது சிரிச்சாச்சு. போனாவது மிஞ்சட்டும்."

அவர் போன பிறகு பெனிட்டா மெதுவாக, "லே லோ மம்மி" என்றாள். வாங்கிக்கோ என்று. "அவர் சொல்றது சரிதானே? சிரிச்சது திரும்பவா போகுது?"

ஜெபசெல்வி மகளை நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் கேட்டபோது வந்த குமட்டலைவிட இது அதிகமாக இருந்தது. ஆனால் திட்டவில்லை. "நீயும் வா ஞாயித்துக்கெழம" என்றாள். ஸ்வீட் பெட்டியைத் திறக்காமல் நுஸ்ரத் வீட்டில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவள் விழுந்த படியில் சிவப்பு விரிப்பு. பேனரில் அவள் படத்தையே போட்டு, கெய்ரா ஆண்ட்டியின் கனவு நனவாகிறது என்று இந்தியில் எழுதியிருந்ததைப் பெனிட்டா வாசித்துச் சொன்னாள். முத்துசெல்வமும் வந்திருந்தான். "ஆண்ட்டி! உங்களால எனக்கு எவ்ளோ ஃபாலோயர்ஸ் தெரியுமா?" என்று தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்க வந்தான். அவன் கை பட்டதும் மரவட்டை ஏறினது போலச் சிலிர்த்துத் தள்ளிவிட்டாள்.

"அன்னைக்கு நான் கைய நீட்டுனேன், பாத்தியால?"

"பாத்தேன் ஆண்ட்டி. அந்த ஷாட்தான் செமயா வந்துச்சு."

அவன் வஞ்சகமாகச் சொல்லவில்லை. பாராட்டித்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மேடையில் தங்கபாண்டி போனை நீட்டினார். ஜெபசெல்வி அதைத் தொடாமல் மைக்கை வாங்கிக்கொண்டாள். பம்பாய் இந்தியில், சந்தையில் பேரம் பேசுகிற குரலில் சொன்னாள்: "நான் போன் வாங்க வரல. வரிசையில நிக்க இந்தக் கடை சேட் கூலிக்குக் கூட்டிட்டு வந்தாரு. எங்களப் பாத்துத்தான் நீங்கல்லாம் பயந்து ஓடி வந்திய. விழுந்தவள மிதிச்சிய. கீழ விழுந்த பெட்டிய நான் எடுத்துக் குடுத்தேன். பிடுங்கல." கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டினாள்.

யாரோ ஒருவன் சிரித்தான். தங்கபாண்டி இன்னொரு மைக்கில், "ஆண்ட்டி பகுத் மஜாக் கர்த்தீ ஹை!" என்றார், ரொம்பத் தமாஷ்காரி என்று. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. டிவிக்காரன் ஒருவன் கீழேயிருந்து, "அது கிடக்கட்டும் ஆண்ட்டி, போனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை சிரிங்க" என்று கேட்டான். அவள் இறங்கிவிட்டாள். அந்த போனைக் கூட்டத்திலிருந்து ஒரு காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவள் தேம்பித் தேம்பி அழுதாள், ஆனந்தத்தில். பந்தலுக்குப் பின்னால் போய் ஜெபசெல்வி வாந்தி எடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது பெனிட்டா அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ பேசினது முழுசையும் எடுத்திருக்கேன் மம்மி. நானே போடுறேன். என் பேர்ல" என்றாள். போடவும் செய்தாள். என் அம்மா என்று எழுதியே போட்டாள். ஸ்டிக்கர் அனுப்பிய கூட்டாளிகளில் சிலர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள்.

ஜனங்கள் அதையும் பார்த்தார்கள். ஓ, இவள் காசு வாங்கிக்கொண்டு நடித்தவளா, இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறாளே என்று இப்போது அதற்குத் திட்டினார்கள். கடையைத் திட்டியவர்கள் சிலர்தான். அடுத்த லோடும் விற்றுப்போனது.

தங்கபாண்டி நுஸ்ரத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அது ஜெபசெல்வி எதிர்பாராதது. நுஸ்ரத் வாசலில் வந்து நின்று, "நல்லாப் பேசுனிய அக்கா. எம் புள்ளையளுக்கு என்ன பதில் சொல்ல?" என்று கேட்டாள். அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பொரிக்கிற வாசனை வந்தபோது இந்தப் பக்கம் தட்டுக் கழுவவில்லை.

மாட்டுங்காவில் ஒருநாள் மாமா அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். கையில் புது போன். "ஜெபா, இப்படி வெளிச்சத்துல நில்லு. இந்த கேமரா எப்படின்னு பாக்கணும். நம்மாத்துலதான் கெய்ரா ஆண்ட்டி வேலை பாக்கறான்னா பையன் நம்பமாட்டேங்கறான். கட்டுப் போட்ட கை தெரியறாப்ல, அந்த வீடியோல இருக்கற மாதிரி கொஞ்சம்…" அவர் சிரித்துக்கொண்டே கையால் பிடுங்குவதுபோல் செய்து காட்டினார்.

ஜெபசெல்வி தரை துடைக்கிற துணியை வாளியில் போட்டாள். கையைக் கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அடுக்களைப் பக்கம் பார்த்து, "மாமி, நாளையிலேருந்து வேற ஆள் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"ஐயோ, விளையாட்டுக்குத்தானேடி சொன்னார்!" என்று மாமி ஓடிவந்தாள்.

"எனக்கும் விளையாட்டு புரியும் மாமி. இது நாத்தமா இருக்கு."

வெளியே வந்து கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்த பிறகுதான் பயம் வந்தது. இனி என்ன என்று தெரியாமல் பூக்கடை ஓரம் நெடுநேரம் நின்றாள். இருந்தாலும், அந்தக் கூடத்துக்குத் திரும்பாமல் லேபர் கேம்ப் பக்கம் நடந்தாள்.

வீட்டில் கொஞ்ச நாள் கஞ்சிதான். பெனிட்டா டியூஷன் எடுக்கத் தொடங்கினாள். பிறகு ஒரு காலையில் நுஸ்ரத் சுவரைத் தட்டினாள். "அக்கா, கோவம் தீந்துட்டுன்னு நெனச்சிராதிய. வடாலாவுல பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. சமையக்கட்டுக்கு ரெண்டு ஆள் கேக்காங்க. ஒருத்தியாப் போக எனக்கு இஷ்டமில்ல."

இருவரும் சேர்ந்து போனார்கள். ஜெபசெல்வியின் விரல்கள் கோணலாகத்தான் கூடியிருந்தன. ஆனாலும் கரண்டியைப் பிடிக்க வந்தது. முதல் நாள் மத்தியானமே தட்டோடு வரிசையில் நின்ற ஒரு பெண் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். கை மெதுவாக போனுக்குப் போயிற்று.

"ஆண்ட்டி… நீங்கதானே அந்த…"

"நாந்தான்" என்றாள் ஜெபசெல்வி. "போனை உள்ள வை. சோறு வேணுமா வேண்டாமா?"

அந்தப் பெண் போனை உள்ளே வைத்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.